குடல் அழற்சியுள்ள பெரியவர் தளர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸோ கிரோன்ஸ் நோயோ, அதாவது குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய், இருக்கிறது. ஆறு மாதத்தில் சட்டை தொளதொளத்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றுகிறார். கடைத்தெரு வரை போய்வந்தவர் இப்போது வாசலோடு நின்றுவிட்டார். வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." வயதுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியையும் வயதின் மேல் போட்டுவிட்டால் சரிசெய்யக்கூடியவை எல்லாம் கைநழுவிப் போகும். சாதாரணக் காய்ச்சல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, குளியலறையில் ஒரு சறுக்கல் என்று எது வந்தாலும் தாங்கிக்கொள்ளும் இருப்பு உடலில் குறைந்துபோவதைத்தான் இங்கே தளர்ச்சி என்கிறோம். மற்றவர் ஒரு வாரத்தில் தேறும் நோவில் இவர் ஒரு மாதம் படுத்துவிடுவார்.

குடல் அழற்சியில் இந்தத் தளர்ச்சி முக்கியமாக நான்கு வழியாக வருகிறது. ஆறாத அழற்சியே தசையைக் கரைக்கிறது. அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு, நாள் கடந்தால் தசையையும் எலும்பையும் அரிக்கிறது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் போடும் பத்தியம் புரதத்தை வெட்டிவிடுகிறது. "பேசாம படுத்திருங்க" என்ற அன்பு மிச்சத்தை முடித்துவைக்கிறது. இந்த நான்கிலும் செய்ய வேலை இருக்கிறது; பலருக்கு இழந்த பலத்தில் கணிசமான பகுதி திரும்பி வருகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து எடைபோடுவது ஏமாற்றும். தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரியாது. தேவையானவை: எடை பார்க்கும் மெஷின், தையல்காரர் டேப், சாக்பீஸ், கைபேசியிலுள்ள ஸ்டாப்வாட்ச், கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி. நாற்காலியின் உயரம் 43 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். காலை அவசரமெல்லாம் அடங்கி, ஏதாவது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து அளப்பது நல்லது. கழிவறைக்கு ஓடும் பதற்றத்தில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

எடை: போன வருடத்தோடு ஒப்பிட்டு, முயற்சி செய்யாமலே 5 சதவீதம் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டும். 60 கிலோ இருந்தவர் 57 ஆனால் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டார். கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது. அந்த நீரின் எடை, கரைந்துபோன சதையை மறைத்துவிடும். அழற்சியில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். "எடை குறையவே இல்லையே" என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் தொடை மெலிந்திருக்கும்.

கெண்டைக்கால் சுற்றளவு: உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் இறுக்காமல் டேப்பைச் சுற்றுங்கள். ஆசிய நாடுகளுக்கென்று 2019-இல் திருத்தப்பட்ட அளவுகோலின்படி ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை இழப்பைச் சந்தேகிக்கலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவையும் நம்ப வேண்டாம்.

நடை: கூடத்தில் 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்து நடக்கத் தொடங்கி, இரண்டாவது கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் கழித்து நிற்கச் சொல்லுங்கள். நேரம் இரண்டு கோட்டுக்கும் நடுவே மட்டும். வழக்கமான நடையில் 4 நொடிக்கு மேல் எடுத்தால் வேகம் குறைந்திருக்கிறது. 5 நொடியைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கைத்தடி பழக்கம் இருந்தால் தடியோடே நடக்கட்டும்.

நாற்காலி: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். 12 நொடிக்குள் முடிந்தால் நல்லது. கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் அதுவே பதில். முழங்கால் தேய்மானம் உள்ளவர் வலியால் மெதுவாக எழுவார். "கால் வலிக்குதா, இல்ல பலம் இல்லையா" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இவற்றோடு இரண்டு கேள்வி: போன வாரம் எத்தனை நாள் "எதைச் செய்யவும் மலைப்பாக இருக்கு" என்று தோன்றியது? வீட்டு வேலை, நடை எல்லாம் முன்பைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது? 2001-இல் முதுமை ஆய்வாளர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் வகுத்த ஐந்து அடையாளங்கள் எடை குறைவு, களைப்பு, கைப்பிடியில் பலக் குறைவு, மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசல். கைப்பிடியை அளக்கும் கருவி பிசியோதெரபிஸ்ட்டிடம் இருக்கும். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே குறைவு.

மாதம் ஒருமுறை அளந்து ஒரே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் எடையை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். மருத்துவரிடம் "ரொம்ப வீக்கா இருக்கார்" என்பதைவிட, "மார்ச்சில் ஐந்து முறை எழ 11 நொடி, இப்போது 19" என்பது வேலை செய்யும்.

பலவீனம் என்று சொல்லி வைத்தியத்தைக் குறைக்காதீர்கள்

நிறையக் குடும்பங்கள் சறுக்கும் இடம் இது. "இந்த உடம்புக்குப் பெரிய மருந்து தாங்குமா" என்று பயந்து, நோய் பாதி அடங்கிய நிலையிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அழற்சி அடங்காதவரை நீங்கள் ஊட்டும் புரதம் தசையில் சேர்வது கடினம். நோய் உண்மையிலேயே அடங்கிய பிறகு தளர்ச்சி குறைந்ததை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எனவே கேஸ்ட்ரோ மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "அழற்சி அடங்கிவிட்டதா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதுதான். ரத்தத்தில் சிஆர்பி, மலத்தில் கால்ப்ரொடெக்டின் (இரண்டும் அழற்சி இருந்தால் ஏறும்), தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) என்று அளவோடு பதில் கிடைக்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் கால்ப்ரொடெக்டின் அளவு அதனாலும் ஏறும். அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அறுபதுக்கு மேல் புதிதாகக் கண்டறியப்பட்டவர் என்றால் இன்னொன்றையும் உறுதிசெய்யச் சொல்ல வேண்டும். நம் ஊரில் குடல் காசநோயும் கிரோன்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குடலுக்கு ரத்த ஓட்டம் குறைவதும், வலி மாத்திரையால் வரும் புண்ணும், புற்றுநோயும் இந்த வயதில் அழற்சி வேடம் போடும். திசுப் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும்.

ஸ்டீராய்டு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நோய் கடுமையாகக் கிளம்பும்போது பிரெட்னிசோலோன் பெரும்பாலும் நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்து, சுமார் எட்டு வாரத்தில் நிறுத்தப்படும். அது சரியான பயன்பாடு. தவறு எங்கே நடக்கிறதென்றால், ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் போகும்போது பழைய சீட்டை மெடிக்கலில் காட்டி வைசலோன் (அதே பிரெட்னிசோலோனின் விற்பனைப் பெயர்) வாங்கிப் போடுவதில். இரண்டு நாளில் பசி எடுக்கும், சோர்வு போகும், குணமானதுபோல இருக்கும். உள்ளே தொடைத் தசையும் இடுப்புத் தசையும் மெலியும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். எலும்பு இழப்பு முதல் மூன்று முதல் ஆறு மாதத்திலேயே வேகமாக நடக்கிறது. படி ஏற முடியவில்லை, தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை என்பவை ஸ்டீராய்டு தசையைத் தொட்டுவிட்டதன் அடையாளங்கள்.

ஸ்டீராய்டில் இருக்கும்போது செய்ய வேண்டியவை: மாத்திரையைக் காலை உணவோடு கொடுங்கள், மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும், சிலருக்குக் குழப்பமும் வரும். காலையில் போடும் பிரெட்னிசோலோன் சர்க்கரையை மதியத்துக்கு மேல்தான் ஏற்றும், ஆகவே வெறும் வயிற்றுச் சோதனை நன்றாக இருந்தாலும் மதிய உணவுக்கு 2 மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். மூன்று மாதம் தாண்டும் என்றால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, எலும்பைக் காக்கும் மருந்து மூன்றையும் கேளுங்கள். கால்சியம், உணவும் மாத்திரையும் சேர்த்து, நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் போதும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கி ஆள் மயங்கிவிடுவார். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், ஊசியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். வருடத்தில் இரண்டாவது முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டால், தொடர் மருந்தை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

மற்ற மருந்துகளில் பெரியவர்களுக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டியவை உண்டு. குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைனுக்குச் சிறுநீரகச் சோதனை வருடம் ஒருமுறையாவது வேண்டும். ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் அதன் எனிமாவும் சப்போசிட்டரியும் நன்றாகக் கேட்கும், ஆனால் நடுங்கும் கையால் வைக்க முடியாமல் பலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். பெட்டியில் மீதியை எண்ணினால் தெரிந்துவிடும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது முழங்காலை மடக்கி, இரவு படுக்கும் முன் போட்டால் தங்கும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசதயோப்ரின் தொடங்கும் முன் என்யூடிடி15 மரபணுச் சோதனை கிடைத்தால் செய்வது நல்லது. வெள்ளணுவைச் சட்டென்று இறக்கும் அந்த மாற்றம் ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ சாப்பிடுபவர் அசதயோப்ரினோடு அதைச் சேர்த்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும், இரண்டு மருத்துவரிடமும் சொல்லுங்கள். அழற்சியைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான டோஃபாசிடினிப் ஜெனரிக்காகக் குறைந்த விலையில் கிடைக்கிறது; 65 வயதைக் கடந்தவர், இதய நோய் உள்ளவர், புகைபிடித்தவர் என்றால் மாரடைப்பு, ரத்தக்கட்டு ஆபத்துகளைப் பேசிய பிறகே தொடங்க வேண்டும். வெடோலிசுமாப் என்ற பயாலஜிக் ஊசி (உயிரணுக்களைக் கொண்டு தயாரிப்பது) பெரும்பாலும் குடலளவில் வேலை செய்வதால் தொற்று பயம் குறைவு, விலைதான் இடிக்கும். எந்த பயாலஜிக் ஊசிக்கும் முன்பு மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான மேன்டூ அல்லது இக்ரா சோதனை, ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம்.

தடுப்பூசிகளை மருந்து தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்: வருடாவருடம் ஃப்ளூ, நிமோனியாவுக்கான நியூமோகாக்கல், அக்கிக்கு உயிரற்ற வகையில் இரண்டு தவணை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஓடும்போது உயிருள்ள தடுப்பூசி கூடாது.

பத்தியத்தைத் தளர்த்துங்கள், புரதத்தை எண்ணுங்கள்

வயிறு சரியில்லை என்றவுடன் நம் வீடுகளில் கஞ்சி, ரசம் சோறு, மோர், இட்லி என்று சுருங்கிவிடும். இரண்டு நாளுக்கு அது சரி. ஆறு மாதத்துக்கு அதுவே தொடர்ந்தால் நாளுக்கு 30 கிராம் புரதத்தைத் தொடுவதே கஷ்டம். அழற்சி இருக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். நோய் அடங்கிய பிறகும் பெரியவருக்கு கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது. கிரியேட்டினின் கூடியிருந்தால் இந்தக் கணக்கைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: ஒரு முட்டை 6 கிராம். 200 மில்லி பால் 6 கிராமுக்குச் சற்று மேல். 150 கிராம் தயிர் 5. சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20, கோழியில் 25. பனீர் 50 கிராமில் 9. பாசிப்பருப்பு 30 கிராம் வேகவைத்தால் 7. பொட்டுக்கடலை மாவு 30 கிராமில் 6. இட்லி ஒன்றில் 2 மட்டும்.

50 கிலோ பெரியவருக்கு ஒரு நாளை இப்படிப் போடலாம். காலையில் மூன்று இட்லி, கெட்டிப் பருப்புச் சாம்பார், அவித்த முட்டை இரண்டு. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் தயிர், வாழைப்பழம். மதியம் குழைந்த சாதம், முள்ளில்லாத மீன் 100 கிராம், தோல் நீக்கிய சுரைக்காயோ பீர்க்கங்காயோ போட்ட கூட்டு. நாலரை மணிக்குப் பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி. இரவு இடியாப்பம், பனீர் 50 கிராம் உதிர்த்துப் போட்ட குருமா, காரமில்லாமல். படுக்கும் முன் 200 மில்லி பால். எழுபதைத் தாண்டிவிடும். சைவம் மட்டும் என்றால் முட்டைக்கும் மீனுக்கும் ஈடாகப் பனீர், கெட்டித் தயிர், பருப்பு, சோயா என்று இரண்டிரண்டு இடத்தில் கூட்ட வேண்டும். மதியக் கூட்டில் பருப்பை 40 கிராம் போடுங்கள். பால் குடித்தால் வயிறு உப்பி ஓடுகிறது என்பவருக்குப் பாலை நிறுத்தித் தயிர் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மொத்தத்தையும் இரவில் கொட்டுவதில் பயனில்லை. வயதான தசைக்கு ஒரு வேளைக்கு 20 முதல் 30 கிராம் வரை ஒன்றாகக் கிடைத்தால்தான் தசை கட்டும் வேலை சரியாகத் தூண்டப்படும். நம் வழக்கத்தில் காலைச் சாப்பாடுதான் புரதமே இல்லாத வேளை. அங்கே முட்டையைச் சேர்ப்பது மட்டுமே பெரிய வித்தியாசம் காட்டும்.

நார்ச்சத்து பற்றிய பயம் இன்னொரு தொல்லை. கிரோன்ஸில் குடல் சுருங்கியிருப்பதாக ஸ்கேன் சொன்னால் முருங்கைக்காய் சக்கை, கீரைத்தண்டு, வாழைத்தண்டு, சோளம், ஆரஞ்சுத் தோல்நார், முழுக் கொண்டைக்கடலை எல்லாவற்றையும் விலக்க வேண்டும், அடைத்துக்கொள்ளும். சுருக்கம் இல்லாத, நோய் அடங்கிய கோலைடிஸில் அந்தத் தடை தேவையில்லை. நோய் கிளம்பிய நாளில் போட்ட தடையை எடுக்க யாருக்கும் ஞாபகம் வராமல் காய்கறியே இல்லாத சாப்பாடு வருடக்கணக்கில் ஓடுகிறது. நோய் அடங்கியதும் வாரத்துக்கு ஒரு காயாகத் திரும்பச் சேருங்கள்.

பற்செட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எடை குறைந்தால் ஈறும் சுருங்கும், செட்டு ஆடும், கறியும் பயறும் தானாகத் தட்டிலிருந்து ஒதுங்கிவிடும். வெளியே போகும் நாளில் கழிவறை பயத்தால் பட்டினி கிடக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

வயிற்றுப்போக்கு கூடும் நாளில் ஓஆர்எஸ். 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிப்போய் நிலைமை மோசமாகும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். இதய பலவீனம் உள்ளவருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், ஃபுரோசமைடு, மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர் நீர் வற்றிய நாளிலும் அவற்றை வழக்கம்போலப் போட்டால் சிறுநீரகம் அடிபடலாம், எழுந்து நிற்கும்போது விழலாம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்பதை நல்ல நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

ரத்தசோகை இருந்தால் உடற்பயிற்சி எதுவும் ஏறாது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தாலோ அழற்சி கிளம்பியிருந்தாலோ இரும்பு மாத்திரை சரியாக ஏறாது, வயிற்றையும் புரட்டும். நரம்பு வழியாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை 20 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்தவருக்கு பி12 ஊசி வாழ்நாள் முழுக்கத் தேவைப்படலாம். கால் மரத்துப்போவதும் தடுமாற்றமும் அந்தக் குறையால் வரக்கூடும்.

தொடைக்கு வேலை கொடுங்கள்

ஆரோக்கியமான முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்ததில், காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனதாக 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழற்சியும் ஸ்டீராய்டும் இல்லாதவர்களுக்கே அந்த நிலை.

வாக்கிங் மட்டும் போதாது. நடை மூச்சுக்கும் மனதுக்கும் நல்லது. எழுந்து நிற்கும் பலத்தைத் தொடைக்குத் தருவது எதிர்ப்புப் பயிற்சி. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், காலைக் கழிவறை வேலை முடிந்த பிறகு 20 நிமிடம்.

நாற்காலியில் எழுந்து உட்காருதல்: ஐந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும், பலம் சேர்வது அந்த இறக்கத்திலும்தான். எழ முடியாவிட்டால் இருக்கையில் கெட்டியாக மடித்த ஜமுக்காளம் போட்டு உயர்த்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்பு எடுங்கள். பத்துப் பத்தாக மூன்று சுற்று வந்ததும் மடியில் ஒரு கிலோ அரிசிப் பை.

அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல் பத்து முறை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளங்கையை ஊன்றிச் சுவரைத் தள்ளுதல் எட்டு முறை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுதல் பத்து முறை. பிறகு அறை மூலையில், இரண்டு சுவரும் கைக்கெட்டும்படி, ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மறு பாதத்தை வைத்து 10 நொடி நிற்கட்டும். நாளடைவில் 30 நொடி.

கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். எழும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானாக வெளியே போகும். எலும்பு தேய்ந்தவருக்குப் பாதஹஸ்தாசனம்போல முன்குனிந்து கால்விரல் தொடுவதும் முதுகை முறுக்குவதும் வேண்டாம், முதுகெலும்பு நசுங்கலாம். வயிற்று அறுவை செய்தவர், ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைத்த துளை) வைத்தவர் எடை தூக்கும் முன் அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நோய் கிளம்பிய நாள்களில் முழுதாக நிறுத்திவிடாதீர்கள். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுதல், முழங்காலை மெத்தையில் அழுத்தித் தொடையை 5 நொடி இறுக்குதல். மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிடட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தேவைப்படுபவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மையத்தில் முழு முதியோர் மதிப்பீட்டுக்குக் காட்டலாம்.

கழிவறை வழி

இரவு இரண்டு மணிக்கு அவசரம் வருகிறது. விளக்குப் போட நேரமில்லை. வேட்டி காலில் சிக்குகிறது, குளியலறைத் தரை ஈரம், தாழ்ப்பாள் உள்ளே போட்டாகிவிட்டது. இடுப்பு எலும்பு முறிவதற்கு இவ்வளவும் ஒன்றுகூடினால் போதும், ஸ்டீராய்டு சாப்பிட்ட எலும்புக்கு இதில் பாதியே போதும்.

படுக்கையை முடிந்தவரை கழிவறைக்கு அருகில் மாற்றுங்கள். வழியில் இருக்கும் மிதியடி, வயர், ஸ்டூல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆள் அசைந்தால் எரியும் சென்சார் விளக்கு இரண்டு மாட்டுங்கள். இரவில் மட்டும் கட்டில் ஓரம் கமோட் சேர் போட்டால் ஓட்டமே இல்லை. கூச்சப்படுவார், ஒரு வாரத்தில் பழகிவிடும். இந்தியக் கழிவறை என்றால் மேலே வைக்கும் இரும்பு ஸ்டாண்டு சீட் ஆடாமல் இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். இருக்கை 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் எழுவது சுலபம். சுவர்க் கைப்பிடியை டைல்ஸில் ஒட்டும் வகையில் வாங்காதீர்கள், பாரம் விழுந்தால் பிய்ந்துவிடும். துளைபோட்டு ஸ்குரூ முடுக்கியதாக, அவர் எழும்போது கை தானாகத் தேடும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு போடுங்கள். பகலில் குளித்து முடித்ததும் தரையை வைப்பரால் தள்ளி உலரவிடுவது அடுத்து உள்ளே போகும் எல்லோருடைய வேலையாக இருக்கட்டும். நாடா வைத்த பாவாடை, பொத்தான் பேன்ட் இரண்டையும் எலாஸ்டிக் வைத்ததாக மாற்றுங்கள்.

கசிவு இருந்தால் பேன்ட் வகை டயப்பர் தவறில்லை. ஆனால் அதற்கு முன் அழற்சி அடங்கியதா, மலத்தை அடக்கும் இடுப்படித் தசைக்குப் பயிற்சி கொடுத்தார்களா என்று பாருங்கள். கசிவு பயத்தால்தான் பலர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்துகிறார்கள். நடமாட்டம் நின்றதும் மனச்சோர்வு, பிறகு பசியின்மை, பிறகு எடை. தனியாக உட்கார்ந்து, சங்கடப்படாமல், நேராகக் கேளுங்கள். அம்மா மகளிடம் சொல்வதை மகனிடம் சொல்ல மாட்டார், ஆகவே யார் கேட்பது என்பதையும் யோசித்துவிடுங்கள்.

மருத்துவமனைக்கு எப்போது

1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம், கூடவே நாடித்துடிப்பு 90-க்கு மேல், அல்லது உடல்சூடு 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ் என்றால் அன்றே சேர்க்க வேண்டும். பெரியவர்களிடம் காய்ச்சல் ஏறாமலே நோய் முற்றலாம். ஸ்டீராய்டு, குடல் ஓட்டையின் வலியைக்கூட மறைக்கும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடியும் ஏறாது. ஆகவே திடீர்க் குழப்பம், வயிறு உப்பி மலமே நின்றுபோவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சிரைப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். ரத்தம் போகும்போது வயிற்றுப்போக்கை அடக்கும் லோப்பராமைடு போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். பெருங்குடல் வீங்கி வெடிக்கும் நிலைக்குப் போகலாம்.

சேர்த்த பிறகு ரத்தக்கட்டைத் தடுக்க ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். "ரத்தம் போகும்போது ரத்தத்தை நீர்க்கவைக்கும் ஊசியா" என்று வீட்டார் தடுப்பதுண்டு. குடல் அழற்சி கிளம்பும்போது கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அடைக்கும் ஆபத்து உண்மையில் கூடுவதால் அந்த ஊசி தேவைதான். மலத்தில் சி டிஃபிசைல் என்ற குடல் பாக்டீரியாவைச் சோதித்தார்களா என்று கேளுங்கள், குறிப்பாகச் சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால். கொலோனோஸ்கோபிக்குக் குடல் சுத்தம் செய்யும்போது சோடியம் பாஸ்பேட் கரைசல் வேண்டாம், பாலிஎத்திலீன் கிளைக்கால் (பெக்) கரைசலை இரண்டு பாகமாகப் பிரித்துக் குடிக்கட்டும். அன்றிரவு பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை பேச்சு வந்தால் பயந்து தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து. திட்டமிட்டுச் செய்வதைத் தளர்ந்த உடல் தாங்கும் அளவுக்கு, நடுராத்திரி அவசர அறுவையைத் தாங்காது. இரண்டு முதல் நான்கு வாரம் கிடைத்தால் அதற்குள் புரதம், இரும்பு, நாற்காலிப் பயிற்சி மூன்றையும் ஏற்றி, ஸ்டீராய்டை முடிந்தவரை இறக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பி இரண்டாவது வாரம் அதே நாற்காலி, அதே கோடு போட்டு அளந்து, பழைய அளவுக்கு வரவில்லையென்றால் அந்த நோட்டோடு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க நாள் வாங்குங்கள்.